வெளியே மாட்டும் கேஸ் கீசர்: பழுது கீசரில் இல்லை

பொருத்திய அன்றே தொல்லை ஆரம்பித்தது. குழாயைப் பாதி திறந்தால் நல்ல சுடுதண்ணீர். ஷவரை முழுதாகத் திறந்தால் தீ சுருங்கி, தண்ணீர் வெதுவெதுப்பாகி, கடைசியில் கீசரே அணைந்துபோகும். வந்த டெக்னீஷியன் கேஸ் அழுத்தத்தை அளந்துவிட்டு, "பிரஷர் சரியா இருக்கு, மெஷினைத்தான் மாத்தணும்" என்று சொல்லிப் போய்விட்டார்.

அவர் அளந்தது கீசர் ஓடாதபோது. கேஸ் ஓடாமல் நிற்கும் குழாயில் அழுத்தம் குறைவதே தெரியாது. கீசர் முழு வேகத்தில் ஓட, அடுப்பும் எரிய, அப்போது அளக்க வேண்டும். இரண்டாம் முறை வற்புறுத்தி அப்படி அளக்க வைத்ததும், கீசர் லேபிளில் போட்டிருந்த அளவுக்கும் கீழே முள் இறங்கியது.

கணக்கை வாங்கும்போதே போட்டிருக்க வேண்டும். நிமிடத்துக்கு 10 லிட்டரை 25 டிகிரி கூட்ட 10 × 25 × 0.07, அதாவது 17.5 கிலோவாட் (0.07 என்பது நிமிடத்துக்கு ஒரு லிட்டரை ஒரு டிகிரி கூட்ட ஆகும் கிலோவாட்). வீணாகும் சூட்டையும் சேர்த்தால் பர்னருக்குச் சுமார் 20. ஒரு கிலோ எல்பிஜி ஏறக்குறைய 12.8 கிலோவாட்-மணி தரும் என்பதால், மணிக்கு 1.6 கிலோ கேஸ் வேண்டும். மாட்டியிருந்த ரெகுலேட்டரோ மணிக்கு 1 கிலோதான் விடும்! அடுப்புக்கும் சேர்த்துப் பெரிய ரெகுலேட்டர் போட்டு, மெல்லிய குழாயையும் மாற்றினோம். சிலிண்டர் மேல் பனி பூத்தால் ஒற்றைச் சிலிண்டர் போதவில்லை என்று அர்த்தம். இரண்டை இணைக்க வேண்டும்.

இடத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். "மழை படாம இருக்கும்" என்று மூடிய பால்கனிக்குள் மாட்டப் பார்த்தார்கள். வெளி மாடலுக்குப் புகைக்குழாய் கிடையாது. எரிந்த காற்று முன்பக்கமாகவே வரும். மூடிய இடத்தில் கார்பன் மோனாக்சைடு சேர்ந்தால் நிறமோ வாசனையோ இருக்காது, ஆளைக் கொன்றுவிடும். ஜன்னலுக்கு அடியிலும் கூடாது. எல்பிஜி காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தாழ்வான இடத்தில் தேங்கும்; அதனால் சிலிண்டருக்குப் பக்கத்தில் பள்ளமோ சாக்கடை வாயோ இருக்கக் கூடாது.

தண்ணீர் இணைப்பில் சிக்கல் இல்லை. இணைப்பதற்கு முன் குழாயைத் திறந்துவிட்டு மண்ணையும் துருவலையும் கழுவிவிடுங்கள், இல்லாவிட்டால் வடிகட்டி அடைத்துக்கொள்ளும்.

கசிவு பார்க்கச் சோப்பு நுரை தடவியபோது, கேஸ் குழாயின் ஒரு ஃப்ளேர் இணைப்பில் (குழாய் நுனியை விரித்து நட்டால் இறுக்கும் இணைப்பு) குமிழி வந்தது. அதன் மரையில் டெஃப்லான் டேப் சுற்றினால் போதும் என்றார் பிட்டர். ஃப்ளேரில் கசிவை அடைப்பது மரை இல்லை, உலோகத்தோடு உலோகம் அழுந்தும் வாய். குழாய் நுனியை வெட்டி, வாயைப் புதிதாக விரித்து மாட்டச் சொன்னேன். குமிழி நின்றது. இப்போது ஷவரும் இரண்டு அடுப்பும் சேர்ந்து ஓடினாலும் தீ சுருங்குவதில்லை. கீசர் அதே கீசர்தான்.