சிஆர்எம் ஒரு தொகை சொல்லுது, டேலி ஒரு தொகை சொல்லுது: ஜூன் மாதக் கணக்கைப் பிரித்துப் பார்த்த கதை

கும்பகோணத்தில் பம்புசெட், பைப் விற்கும் ஒரு கடையில் சிஆர்எம், அதாவது வாடிக்கையாளர், விற்பனை விவரங்களைப் பதிந்து வைக்கும் மென்பொருள், பார்த்துக்கொள்வது என் வேலை. மன்னார்குடி, மயிலாடுதுறை, திருத்துறைப்பூண்டியில் கிளைகள் உண்டு. ஜூன் மாதம் முடிந்து பார்த்தால், சிஆர்எம் ரிப்போர்ட்டில் வந்த விற்பனைத் தொகை ஒன்று, பில், கணக்கு எழுதும் மென்பொருளான டேலியில் வந்தது வேறொன்று, நடுவில் லட்சக்கணக்கில் வித்தியாசம். "ரெண்டுல எது தப்புன்னு மட்டும் சொல்லு தம்பி" என்றார் முதலாளி. சிஆர்எம் ரிப்போர்ட்டில் சில கோளாறுகள் இருந்தன, அதற்கும் மேலே இரண்டும் வேறு வேறு விஷயத்தைக் கூட்டிக்கொண்டிருந்தன, அதை அவருக்குக் காட்டத்தான் நாள் பிடித்தது.

மொத்தத் தொகையையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தால் ஒன்றும் கிடைக்காது. இரண்டு பக்கத்திலிருந்தும் பட்டியலை எக்செலில் இறக்கி, பில் நம்பரை வைத்து வரிக்கு வரி சேர்த்தேன் (டீல் என்பது சிஆர்எம்மில் ஒரு விற்பனைக்கான பதிவு; சில டீல்களில் பில் நம்பரே இல்லை, அவற்றை வாடிக்கையாளர் போன் நம்பரை வைத்துத் தேட வேண்டியிருந்தது). தொகையைத் தொடும் முன் எண்ணிக்கையைப் பார்த்தேன். சிஆர்எம்மில் மட்டும் இருப்பவை, டேலியில் மட்டும் இருப்பவை, இரண்டிலும் இருந்து தொகை மட்டும் மாறுபவை என்று மூன்று குவியல்.

மூன்றாவது குவியலுக்கு ஒரு சின்ன வேலை செய்யலாம். ஒரு தொகையை இன்னொன்றால் வகுத்துப் பாருங்கள். 1.18 வந்தால் ஜிஎஸ்டி. மோட்டாருக்கும் பைப்புக்கும் 18 சதவீதம், அக்கவுண்ட் பார்க்கும் அண்ணன் வரியோடு சேர்ந்த மொத்தத்தை எடுத்திருந்தார், விற்பனைப் பையன்களில் பாதிப் பேர் வரி இல்லாமல் போடுகிறவர்கள். மிச்சமில்லாமல் 2, 3 என்று வந்தால் வரிசை இரட்டிப்பு, அதாவது ஒரே டீல் ரிப்போர்ட்டில் பல வரிசையாக விழுவது. எங்கள் ரிப்போர்ட்டில் டீலோடு பொருள் பட்டியலையும் இணைத்திருந்ததால், மோட்டார், ஸ்டார்ட்டர், பைப் என்று மூன்று பொருள் போன 84,000 ரூபாய் டீல் ஒன்று மூன்று வரிசையாக விழுந்து, ஒவ்வொரு வரிசையிலும் முழு 84,000 உட்கார்ந்து, கூட்டுத்தொகையில் 2,52,000 ஆகியிருந்தது. டேலியில் அதே பில் வரியோடு 99,120. வகுத்தால் 2.54 என்று ஒரு விளங்காத எண் வரும், 3-ஐ 1.18-ஆல் வகுத்தால் அதுதான், அதாவது இரண்டு கோளாறும் ஒரே டீலில் சேர்ந்திருக்கின்றன.

சிஆர்எம்மில் மட்டும் இருந்தவற்றுக்குக் காரணம் முழுக்க நம் ஊர்ப் பழக்கம். மேட்டூர் திறக்கும் நாள் ஜூன் 12 என்றாலும் போர்வெல் வைத்திருப்பவர்கள் அதற்கு முன்பே குறுவைக்கு நாற்றங்கால் விட்டுவிடுவார்கள், ஜூன் மாதம் கடையில் நிற்க இடமிருக்காது. அட்வான்ஸ் கைக்கு வந்த அன்றே டீலை 'வென்றது' என்று நகர்த்திவிடுவது பையன்களின் வழக்கம், ஆனால் சரக்கு இறங்கி பில் போடுவது பல சமயம் அடுத்த மாதம். மே அட்வான்ஸ் ஜூன் பில்லாகவும், ஜூன் அட்வான்ஸ் ஜூலை பில்லாகவும் ஓடிக்கொண்டிருந்தது. திரும்பி வந்த மோட்டார்களுக்கு டேலியில் கிரெடிட் நோட் போட்டு விற்பனையிலிருந்து கழித்தாயிற்று, சிஆர்எம்மில் அந்த டீல்கள் இன்னும் வென்றபடியே இருந்தன.

நேர மண்டலமும் ஒரு தொல்லை. ஆரம்பத்தில் சிஆர்எம் கணக்கைத் திறந்தபோது அமெரிக்க மேற்குக் கரை நேரம் அப்படியே விடப்பட்டிருக்கிறது. தேதி மட்டும் உள்ள கட்டத்துக்கு இதனால் பாதிப்பில்லை. நிலை மாறிய நேரத்தை வைத்து ஃபில்டர் போட்டால்தான் சிக்கல்: கோடையில் அந்த நேரம் நம்முடையதைவிடப் பன்னிரண்டரை மணி நேரம் பின்னால் இருப்பதால், ஜூலை 1 மதியம் பன்னிரண்டரைக்கு முன் முடித்ததெல்லாம் ஜூன் கணக்கில் ஏறிவிடும். இப்படிச் சில டீல்கள் வந்திருந்தன, தொகை பெரிதில்லை.

இத்தனை குழப்பத்திலும் மன்னார்குடிக் கிளை மட்டும் கிட்டத்தட்டப் பொருந்தியிருந்தது, "அதை விட்டுடு, அது சரியாத்தான இருக்கு" என்று எல்லாரும் சொன்னார்கள். எனக்கு அதுதான் உறுத்தியது, மற்ற எல்லாக் கிளையிலும் வரிசை இரட்டிப்பு இருக்கும்போது அங்கே மட்டும் எப்படி இல்லாமல் போகும்? பிரித்துப் பார்த்தால் அங்கேயும் இருந்தது. ஆனால் அங்கிருந்த விற்பனையாளர் ஒருவரை மாதக் கடைசியில் திருத்துறைப்பூண்டிக்கு மாற்றியிருந்தார்கள், ரிப்போர்ட் டீல்களை, விற்றவர் இன்று எந்தக் கிளையில் இருக்கிறாரோ அந்தக் கிளையின் பேரில் பிரிக்கிறது. அவர் மன்னார்குடியில் விற்றதெல்லாம் அவரோடு பஸ் ஏறித் திருத்துறைப்பூண்டிக்குப் போய்விட்டது. இரட்டிப்பால் கூடியதும் இதனால் குறைந்ததும் ஏறக்குறைய சமம். திருத்துறைப்பூண்டியில் இரண்டும் கூடுதலாகவே விழுந்ததால் அங்கே வித்தியாசம் பூதாகரமாகத் தெரிந்தது, அந்தக் கிளைப் பையன்கள் சும்மா திட்டு வாங்கினார்கள்.

திருத்தம் செய்வதற்கு அதிக நேரம் ஆகவில்லை. பொருள் வாரி ரிப்போர்ட்டையும் டீல் ரிப்போர்ட்டையும் தனித்தனியாக்கினேன், பொருள் வாரியில் டீல் தொகையைக் கூட்டவே கூடாது, அந்தந்தப் பொருளின் தொகையைத்தான் கூட்ட வேண்டும். விற்ற அன்றைய கிளை டீலிலேயே பதிவாகும்படி ஒரு கட்டம், பில் தேதிக்கு ஒரு கட்டம், தொகை எப்போதும் வரி நீங்கலாக, நேரம் இந்திய நேரம். சிஆர்எம்மில் நிதியாண்டு ஜனவரியில் தொடங்கியிருந்ததையும் ஏப்ரலுக்கு மாற்றினேன்.

பில் தேதியை வைத்துத்தான் விற்பனை என்றதும் பையன்கள் சண்டைக்கு வந்துவிட்டார்கள், அவர்கள் இன்சென்டிவ் அட்வான்ஸ் தேதியை நம்பி இருக்கிறது, அதுவும் நியாயம்தான். கடைசியில் முதலாளியே இன்சென்டிவ் அட்வான்ஸ் தேதிப்படி, விற்பனை பில் தேதிப்படி என்று முடிவு செய்தார். ஒரே ரிப்போர்ட்டில் இரண்டும் தனித்தனிப் பத்தியாக, தலைப்போடு வருகின்றன. டேலியோடு இப்போது ரவுண்ட் ஆஃப் பைசா மட்டும் இடிக்கிறது, அதை அண்ணன் கண்டுகொள்வதில்லை.