வீட்டு முகவரி என்ற கட்டம்

அவுஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், மெல்பேர்ணுக்கு வடகிழக்கே மலைச்சாரலில் இருந்த ஒரு சிறிய ஆரம்பப் பாடசாலையின் அலுவலகத்தில் நான் பல ஆண்டுகள் பணியாற்றினேன். நான் ஆசிரியை அல்ல. வரவுப் பதிவேடு, கட்டணச் சிட்டை, தொலைபேசி, முழங்காலை உரசிக்கொண்டு வரும் பிள்ளைக்கு ஒட்டும் பிளாஸ்டர் ஆகியவையே என் பொறுப்பு. 2009 பெப்ரவரி 7ஆம் திகதி, சனிக்கிழமை, மெல்பேர்ணில் வெப்பம் 46.4 பாகை செல்சியசைத் தொட்டது. அன்றைய காட்டுத்தீக்கள் 173 உயிர்களையும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளையும் கொண்டுபோயின. அதற்குப் பின்வந்த மாதங்களில் என் மேசைக்கு வந்த காகிதங்களுள் எனக்கு அதிகம் தொல்லை தந்தது 'வீட்டு முகவரி' என்ற ஒரேயொரு கட்டம்தான்.

எங்கள் கட்டடம் தப்பிவிட்டது. ஸ்ட்ராத்தீவன், மேரிஸ்வில், மிடில் கிங்லேக் ஆகிய ஊர்களின் ஆரம்பப் பாடசாலைகள் எரிந்துபோயின. தவணை தொடங்கிச் சில நாட்களே ஆகியிருந்தன. தீ வந்தது சனிக்கிழமை. ஒரு நாள் முந்தி வந்திருந்தால் என்ற நினைப்பை எங்களில் எவரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனாலும் பின்னாளில் நாங்கள் செய்த ஆயத்தங்கள் எல்லாவற்றுக்கும் அடியில் அந்த நினைப்பே கிடந்தது.

பாடசாலை மீண்டும் திறந்தபோது, எல்லாக் குடும்பங்களையும் தொலைபேசியில் அழைத்து நலம் விசாரிக்கும் வேலை எனக்குத் தரப்பட்டது. அச்சிட்டு வைத்திருந்த பட்டியலில் பாதி எண்கள் தரைவழித் தொலைபேசிகள். அவற்றுள் பல, எரிந்துபோன வீடுகளுக்குரியவை. ஒவ்வொரு குடும்பமாகத் தேடிப் பிடித்த பிறகும் பட்டியல் நிலைக்கவில்லை. முதல் வாரம் சகோதரி வீட்டில் இருந்தவர்கள் மூன்றாவது வாரம் நண்பரின் காணியில் நிறுத்திய கரவன் என்ற இழுவை வண்டிவீட்டுக்கு மாறினார்கள். குளிர்காலம் வந்ததும் நகரப்புறத்தில் வாடகை வீடு தேடிப் போனார்கள். அவசர வேளையில் நாங்கள் நம்பியிருக்க வேண்டிய அதே பட்டியல், அவசரம் நேர்ந்ததாலேயே பயனற்றுப் போயிருந்தது.

1995இல் போரினால் யாழ்ப்பாணத்தின் வலிகாமத்தை விட்டு வெளியேறிய சனத்தோடு நடந்தவள் நான். புதிய பாடசாலையில் படிவம் நிரப்பியபோது, நிரந்தர முகவரி, தற்காலிக முகவரி என இரண்டு கட்டங்கள் இருந்ததும், முதலாவதை எழுதும்போது அம்மாவின் பேனை சற்றுநேரம் நின்றதும் எனக்கு நினைவிருக்கிறது. இங்கே ஒரு கட்டம்தான். ஆகவே பழைய முகவரியை அழிக்காமல், பென்சிலால் மெல்லிய கோடு இழுத்து, புதியதை அதன் கீழே எழுதத் தொடங்கினேன். கணினியில் அதற்கு வழியில்லாததால் காகிதக் கோப்பு ஒன்றைத் தனியாக வைத்துக்கொண்டேன்.

கணினியை நம்பியதால் நேர்ந்த பிழை ஒன்றையும் சொல்ல வேண்டும். நூலகத்திலிருந்து இரவல் பெற்ற புத்தகம் உரிய காலத்தில் திரும்பாவிட்டால் கடிதம் தானாகவே அச்சாகும். நான் அவற்றைக் கட்டாக எடுத்து உறைகளில் இட்டுப் பிள்ளைகளின் பைகளில் வைப்பது வழக்கம். மார்ச் மாதத்தில் ஒரு நாள் அப்படியே செய்துவிட்டேன். மறுநாள் காலை, இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி என் மேசைமீது சில்லறைக் காசுகளை அடுக்கி வைத்துவிட்டு, புத்தகம் தன் கட்டிலின் அருகில்தான் இருந்தது என்றாள். வீடு எரிந்ததை அவள் சொல்லவில்லை. புத்தகம் இருந்த இடத்தை மட்டுமே சொன்னாள். அன்று மாலையே எரிந்த வீடுகளின் பிள்ளைகள் பெற்றிருந்த இரவல்களை அதிபரும் நானும் ஒவ்வொன்றாகக் கணினியிலிருந்து நீக்கினோம்.

அதன்பின் அதிபர் ஒரு முடிவெடுத்தார். சீருடை, சுற்றுலாக் கட்டணம், மதிய உணவு எதுவாயினும், பாதிக்கப்பட்டதற்கு அத்தாட்சி எதையும் குடும்பங்களிடம் கேட்கக்கூடாது. தங்களுக்கு நேர்ந்ததை ஒரு தாயோ தந்தையோ பாடசாலையில் ஒருமுறைக்கு மேல் சொல்ல நேரக்கூடாது. வேறு அலுவலகங்களின் வரிசைகளில் அதே கதையைத் திரும்பத் திரும்பச் சொல்லிக் களைத்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை, என் மேசைக்கு முன்னால் இருந்த நாற்காலியில் அவர்கள் உட்கார்ந்த விதத்திலேயே கண்டேன். முகவரி மாறியதைச் சொல்ல வருபவர்கள் பத்து நிமிடம் இருந்து பேசிவிட்டுப் போவார்கள். காப்புறுதிக்காரர் இன்னும் வரவில்லை, மகன் இரவில் எழுந்து ஜன்னலைப் பார்க்கிறான், கரவனில் சலவை இயந்திரம் இல்லை என்பவையெல்லாம் அந்தப் பத்து நிமிடங்களில்தான் எங்களுக்குத் தெரியவந்தன. நாடெங்கிலுமிருந்து வந்து குவிந்த கரடிப் பொம்மைகளை விட அந்த நாற்காலி கூடுதலாக உதவியது என்றே நினைக்கிறேன்; பொம்மைகளை வைக்க இடமில்லாமல் விளையாட்டுப் பொருள் அறையைக் காலிசெய்ய வேண்டியிருந்தது.

அடுத்த கோடைக்கு ஆயத்தமானபோது முதல் ஒத்திகையிலேயே தவறினோம். வழக்கமான அபாயச் சங்கை ஒலிக்கவிட்டதும் சில பிள்ளைகள் வரிசைக்கு வராமல் மேசைகளின் கீழே புகுந்துகொண்டார்கள்; ஒரு பையன் வாயிலைத் தாண்டித் தெருவுக்கே ஓடிவிட்டான். அன்று வடக்கிலிருந்து வெப்பக்காற்று வேறு வீசியது. அதற்குப் பிறகு ஒத்திகை நாளை ஒரு வாரம் முன்னதாகவே பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் அறிவித்தோம். காற்றில்லாத நாளாகத் தெரிந்தெடுத்தோம். சங்குக்குப் பதிலாக அதிபர் ஒலிபெருக்கியில் தம் இயல்பான குரலில் பேசினார். சின்ன வகுப்புப் பிள்ளை ஒவ்வொருவரின் கையையும் ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒருவர் பிடித்துக்கொள்வது என்ற ஏற்பாடும் அப்போது வந்தது. பெரிய பிள்ளைகளின் பயத்தைக் குறைத்ததும் அந்த ஏற்பாடுதான்; பொறுப்பு ஒன்று கையைப் பிடித்திருந்ததால் அவர்களுக்கு ஓடத் தோன்றவில்லை.

என் பங்கு ஒரு முதுகுப்பை. வகுப்புவாரியான பெயர்ப்பட்டியல், ஆஸ்துமா உள்ளவர்களின் இன்ஹேலர்கள், சாவிக்கொத்து, பற்றரியில் இயங்கும் வானொலி, டோர்ச், புகைக்கான பி2 முகக்கவசங்கள் ஆகியவை அதில் இருந்தன. கம்பளிப் போர்வைகள், தீ நெருங்கினால் எல்லோரும் ஒதுங்கவேண்டிய தங்குமிடக் கட்டடத்தில் அடுக்கியிருந்தன; செயற்கை இழைத் துணி வெப்பத்தில் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும் என்பதால் கலப்பில்லாத கம்பளி மட்டுமே. பெயர்ப்பட்டியலைக் காகிதத்தில் வைப்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். தீ நெருங்கும்போது மின்சாரம் போகும், கைப்பேசிக் கோபுரம் போகும், கணினி வெறும் பெட்டியாகிவிடும். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கோப்பைப் பார்த்துப் பட்டியலைத் திருத்தி, புதிய பிரதியை எடுத்துப் பையில் வைப்பேன்.

பெற்றோரோடு உண்மையான பிணக்கு வந்தது வேறோர் இடத்தில். தீ அண்மையில் மூண்டால் பிள்ளைகளை அழைத்துப்போக வரவேண்டாம், குறுகிய மலைப்பாதையில் புகைக்குள் வாகனம் ஓட்டுவதே பேராபத்து, நாங்கள் பிள்ளைகளைத் தங்குமிடக் கட்டடத்தில் வைத்திருப்போம் என்று எழுதி அனுப்பினோம். நியாயமான அறிவுரைதான், ஆனால் 2009ஐக் கண்ட ஒரு தகப்பன் அதை ஏற்பாரா? ஒருவர் என் மேசைக்கு வந்து, மரம் விழுந்தாலும் வெட்டிக்கொண்டு வருவேன், வாகனத்தில் சங்கிலிவாள் இருக்கிறது என்றார். அவரோடு வாதாடுவதில் பயனில்லை. அதிபர் ஒரு மாலையில் பெற்றோரை அழைத்துக் கட்டடத்தைத் திறந்து காட்டினார். காற்றோட்டத் துளைகளை மூடிய உலோக வலையின் கண்கள் 2 மில்லிமீட்டருக்கு மேற்படாதவை. காற்றில் பல கிலோமீட்டர் முன்னால் பறந்துவரும் தணற்பொறி அதனுள் நுழைய முடியாது. அந்தத் தகப்பன் வலையை விரலால் தடவிப் பார்த்தார், கூரைப் பீலிகளில் சருகு இருக்கிறதா என ஏணியில் ஏறிப் பார்த்தார், தண்ணீர்த் தாங்கியைத் தட்டிப் பார்த்தார். வரமாட்டேன் என்று அவர் வாக்குக் கொடுக்கவில்லை. ஆனால் அடுத்த சனிக்கிழமை பீலி துப்புரவு செய்யும் வேலைக்கு முதலில் வந்து நின்றவர் அவர்தான்.

மிக மோசமான தீவானிலை எதிர்பார்க்கப்படும் நாளில் ஆபத்துப் பகுதிப் பாடசாலைகளை முன்கூட்டியே மூடிவிடும் ஏற்பாடும் அந்தத் தீக்குப் பிறகே வந்தது. அந்நாட்களில் அதற்குக் 'கோட் ரெட்' (சிவப்புக் குறியீடு) என்று பெயர். 2022இலிருந்து அந்த உச்சநிலையைப் 'பேரழிவு' என்ற பொருள்தரும் சொல்லால் குறிக்கிறார்கள். மூடுவதென்று உறுதிசெய்து அறிவித்துவிட்டால், வானிலைக் கணிப்பு பின்னர் தணிந்தாலும் முடிவு மாறாது. வேலைக்குப் போகும் தாய்மாருக்கு இது எரிச்சலூட்டும் விதிதான். ஆனால் காலையில் ஒரு சொல், மதியத்தில் ஒரு சொல் என்று மாறினால் மூன்றாவது முறை எவரும் நம்பமாட்டார்கள்.

பிள்ளைகளுக்குத் தீயைப் பற்றிக் கற்பிப்பதா, பேசாமல் விடுவதா என்று ஆசிரியர்களுக்குள் நெடுநாள் கருத்து வேற்றுமை இருந்தது. இறுதியில், களிமண் தட்டில் தீக்குச்சிகளை வரிசையாக நட்டு, தட்டைச் சமமாகவும் பின்னர் சாய்த்தும் வைத்துப் பற்றவைக்கும் சோதனையைத் தொண்டர் தீயணைப்பாளர் ஒருவர் முற்றத்தில் செய்துகாட்டினார். மேட்டுநிலத்தில் ஏறும் தீ, ஒவ்வொரு 10 பாகைச் சாய்வுக்கும் ஏறத்தாழ இரு மடங்கு வேகம் பெறும். அதைக் கண்ட பையன் ஒருவன், தன் வீடு மேட்டின் உச்சியில் இருந்தது என்று ஒரு கணக்கு விடையைச் சொல்வதுபோலச் சொன்னான். ஸ்ட்ராத்தீவன் பாடசாலை 2016இலிருந்து உள்ளூர்த் தீயணைப்புப் படையோடு சேர்ந்து இத்தகைய கல்வியை முறையாகவே நடத்திவருவதை அறிந்தபோது எனக்கு வியப்பு ஏற்படவில்லை.

உதவி வந்த காலமும் அது தேவைப்பட்ட காலமும் பொருந்தவில்லை என்பதே என் பெரிய மனக்குறை. உளவளத்துணையாளர்களும் மேலதிக ஆசிரியர்களும் தொடக்கத்தில் வந்தார்கள். சில ஆண்டுகளில் குறைந்துபோனார்கள். தீயின்போது பாடசாலை வாழ்வைத் தொடங்கிய பிள்ளைகளை ஆராய்ந்த மெல்பேர்ண் பல்கலைக்கழகத்தினர் 2019இல் தம் முடிவை வெளியிட்டார்கள். கடுமையாகப் பாதிக்கப்பட்ட பாடசாலைகளில், மூன்றாம் வகுப்புக்கும் ஐந்தாம் வகுப்புக்கும் இடையே வாசிப்பிலும் கணிதத்திலும் எதிர்பார்த்த முன்னேற்றம் குறைந்திருந்ததாக அது கூறியது. அந்தப் பிள்ளைகள் ஐந்தாம் வகுப்பை எட்டிய வேளையில் எங்கள் அலுவலகத்துக்குத் தீயைப் பற்றி விசாரித்து வரும் அழைப்புகள் ஏறக்குறைய நின்றுபோயிருந்தன.

சில குடும்பங்கள் காணியை விற்றுவிட்டுப் போய்விட்டன. சில, மூன்று நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு அதே இடத்தில் வீடு கட்டித் திரும்பின. அப்படித் திரும்பிய ஒரு தாய் முகவரி மாற்றப் படிவத்தோடு வந்தபோது கோப்பை எடுத்தேன். அவருடைய பக்கத்தில் ஐந்து முகவரிகள், அவற்றின் மேலே என் பென்சில் கோடு இழுத்த முதலாவது. அந்தக் கோட்டை அழிறப்பரால் அழித்தேன். அவர் சற்றுநேரம் பார்த்துவிட்டு, வீட்டில் கைப்பேசிக்கு இன்னும் சிக்னல் சரியாகக் கிடைப்பதில்லை, அவசரத்துக்குப் பக்கத்து வீட்டுத் தரைவழி எண்ணையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றார்.