மிச்ச நேரத்தில் ஓய்வு கிடைக்காது

"இந்த வேலையெல்லாம் முடியட்டும், அப்புறம் நிம்மதியா உட்காரலாம்." இப்படிச் சொல்லாதவர்கள் குறைவு. ஆனால் எல்லா வேலையும் முடிகிற நாள் வருவதே இல்லை. பாத்திரம் கழுவி முடித்தால் துணி மடிக்கக் கிடக்கும், அதை முடித்தால் பதில் போடாத மெயில் ஞாபகத்துக்கு வரும். கடைசியில் மிஞ்சுவது இரவு 11 மணிக்குக் கண் எரிய எரியப் போனைப் பார்க்கும் முக்கால் மணி நேரம். அதுவும் தூக்கத்திலிருந்து வாங்கிய கடன்.

ஓய்வும் சந்தோஷமும் மனநலத்துக்கு அடிப்படைத் தேவைகள் என்று உண்மையாகவே நம்பினால், அவற்றுக்கு நாளின் நடுவில் இடம் வேண்டும். அந்த இடத்தை எப்படி உண்டாக்குவது என்பதுதான் இங்கே பேச்சு.

முதலில் இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும். ஞாயிறு முழுக்கப் படுத்தே கிடந்துவிட்டு, "ஓய்வெடுத்தும் மனசு சரியில்லையே" என்பவருக்கு ஓய்வு கிடைத்திருக்கிறது, சந்தோஷம் கிடைக்கவில்லை. நாள் முழுக்க ஊர் சுற்றி, சிரித்துப் பேசிவிட்டுத் திங்கட்கிழமை எழவே முடியாதவருக்கு நேர்மாறு. எது குறைகிறது என்று தெரியாமல் மருந்து போட்டால் பலிக்காது.

அதைக் கண்டுபிடிக்க ஒரு வாரம் குறித்து வையுங்கள். ஒரு தாள் போதும். மணிக்கொரு தடவை எழுத வேண்டாம், மூன்றாம் நாளே அலுத்துவிடும். ஒரு நாளைக்கு நான்கு தடவை: காலை, மதியம், மாலை, படுக்கும் முன். என்ன செய்தேன், அதில் சந்தோஷம் 10-க்கு எவ்வளவு, முடிந்தபின் தெம்பு கூடியதா குறைந்ததா, அவ்வளவுதான். "செவ்வாய் மாலை: சோபாவில் போன், 1 மணி நேரம். சந்தோஷம் 2. தெம்பு குறைந்தது." அடுத்த வரி: "செவ்வாய் இரவு: அக்காவிடம் போனில் பேச்சு, 12 நிமிஷம். சந்தோஷம் 7. தெம்பு கூடியது." இப்படி ஏழு நாள் சேர்ந்ததும் தாளே பேசும். நினைவை நம்பி இதைச் செய்ய முடியாது. மனசு சோர்ந்திருக்கும்போது நல்ல தருணங்கள் ஞாபகத்தில் நிற்பதில்லை.

இந்த முறைக்கு ஆழமான வேர் உண்டு. 1970-களில் பீட்டர் லெவின்சோன் என்ற அமெரிக்க உளவியலாளர், மனச்சோர்வில் ஒரு சுழற்சி இருப்பதை எடுத்துச் சொன்னார். மகிழ்ச்சி தரும் செயல்கள் குறையும்போது மனசு தாழ்கிறது. தாழ்ந்த மனசுக்கு எதிலும் நாட்டமில்லை. அதனால் செயல்கள் இன்னும் குறைகின்றன. இதிலிருந்து வளர்ந்த சிகிச்சையில், மனசு வரும்வரை காத்திருப்பதில்லை. சின்னதாகச் செய்ய ஆரம்பித்தால் மனசு பின்னால் வரும். "மூடு இல்லை" என்பதை நிறுத்தக் காரணமாக எடுக்காமல், அளவைக் குறைக்கக் காரணமாக எடுங்கள். அரை மணி நேர நடைக்கு மனசில்லையா, செருப்பை மாட்டித் தெருமுனை வரை போய்த் திரும்புங்கள்.

பிறகு, பிடித்தவற்றின் பட்டியல். பெரும்பாலோர் இங்கேதான் சறுக்குகிறார்கள். எழுதச் சொன்னால் பயணம், மலை, கடல் என்று அரை நாளோ நான்கு நாளோ கேட்கிற விஷயங்களாக வரும். அவை இருக்கட்டும். ஆனால் 5 நிமிஷத்தில் முடிகிற பத்தும், 20 நிமிஷத்தில் முடிகிற ஐந்தும் கட்டாயம் வேண்டும். ஒரு பாட்டை, கையில் வேறு வேலை இல்லாமல், முதலிலிருந்து கடைசிவரை கேட்பது. செடிக்குத் தண்ணீர் விட்டுப் புதுத் தளிர் எங்கே வந்திருக்கிறது என்று குனிந்து பார்ப்பது. 5 நிமிஷப் பட்டியலுக்கு ஒரே நிபந்தனை: பணம், முன்தயாரிப்பு, இன்னொரு ஆளின் சம்மதம் மூன்றும் தேவைப்படக் கூடாது.

நேரத்தைக் குறிக்கும்போது "தினமும் கொஞ்சம் படிக்கணும்" என்று எழுதினால் நடக்காது. ஏற்கெனவே நடக்கிற ஒன்றோடு முடிச்சுப் போடுங்கள்: "மதியம் சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்ததும், ஜன்னலோர நாற்காலியில் 20 நிமிஷம் புத்தகம்." புத்தகம் காலையிலேயே அந்த நாற்காலியில் இருக்க வேண்டும். போன் வேறு அறையில் சார்ஜில் இருக்கட்டும். அலமாரியைத் திறந்து தேட வேண்டியிருந்தால், களைத்த மனசு கைக்கெட்டியதைத்தான் எடுக்கும்.

இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். நாளில் 24 மணி நேரம்தான். புதிதாக 20 நிமிஷம் நுழைந்தால் ஏதோ ஒன்று வெளியேற வேண்டும். எது வெளியேறும் என்று பெயர் சொல்லி எழுதாவிட்டால், தூக்கம்தான் சத்தமில்லாமல் வெளியேறும். பெரியவர்களுக்கு இரவில் 7 மணி நேரமாவது தூக்கம் தேவை, அதில் கை வைக்கக் கூடாது. துணியை இஸ்திரி போடாமல் மடித்து வைப்பது, இரவு 8-க்குப் பின் ஆஃபீஸ் மெயிலைத் திறக்காதது, இப்படி ஏதாவது ஒன்று போகட்டும்.

சின்னக் குழந்தையையோ நோயாளியையோ கவனிப்பவர்களுக்கு இது இரட்டிப்புக் கஷ்டம், தெரியும். அவர்கள் உதவி கேட்கும் விதத்திலேயே பாதி விஷயம் இருக்கிறது. "அப்பப்போ கொஞ்சம் பார்த்துக்கோங்க" என்றால் யாருக்கும் எதுவும் புரியாது. "சனிக்கிழமை 4 மணியிலிருந்து 5:30 வரைக்கும் நீங்க பார்த்துக்கோங்க, நான் வெளியே போய்ட்டு வரேன்" என்றால் ஆமாம் என்றோ முடியாது என்றோ பதில் வரும். வீட்டிலேயே இருந்தால் அந்த ஒன்றரை மணி நேரமும் காது குழந்தை பக்கம்தான் இருக்கும், அதனால் வெளியே போவது நல்லது.

ஓய்வென்று உட்கார்ந்தாலும் மூளை ஓடிக்கொண்டே இருக்கிறதா? மறுநாள் செய்ய வேண்டியவற்றை 5 நிமிஷம் எழுதிவிட்டுப் படுங்கள். 2018-ல் அமெரிக்காவில் பேலர் பல்கலைக்கழகத்தினர் வெளியிட்ட ஆய்வில், அப்படி எழுதியவர்கள், முடித்த வேலைகளை எழுதியவர்களைவிடச் சுமார் 9 நிமிஷம் முன்னதாகத் தூங்கிப்போனார்கள். விவரமாக எழுதியவர்கள் இன்னும் சீக்கிரம் தூங்கினார்கள். "வங்கி வேலை" என்று எழுதாமல் "10 மணிக்குப் படிவத்தின் இரண்டாம் பக்கத்தை நிரப்பணும்" என்று எழுதுங்கள்.

பகல் தூக்கம் 20 நிமிஷத்துக்குள் இருக்கட்டும், மதியம் 3 மணிக்கு முன்பே முடியட்டும். அரை மணிக்கு மேல் போனால் ஆழ்ந்த தூக்கத்தில் விழிப்பு வந்து, தலை கனத்து, முன்பைவிட மோசமாக இருக்கும். மாலை 4 மணிக்குக் குடித்த காபியின் கஃபீனில் ஏறக்குறைய பாதி இரவு 9 மணிக்கும் பலருக்கு உடம்பில் இருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

உட்கார்ந்த முதல் சில நிமிஷங்களில் குற்ற உணர்ச்சி வரும். "அதைச் செய்திருக்கலாமே" என்று கால் ஆடும். அது போன பிறகுதான் ஓய்வு என்று காத்திருக்க வேண்டாம், அதோடேயே உட்காரலாம். ஓய்வுக்கு 5 நிமிஷம் மட்டும் ஒதுக்கினால் இந்தப் பதற்றத்திலேயே எழுந்துவிடுவோம். அதனால்தான் சந்தோஷத்துக்கு 5 நிமிஷம் போதும் என்றாலும் ஓய்வுக்கு 20 என்று சொல்கிறேன்.

பிடித்த விஷயமே வேலையாக மாறுவதும் உண்டு. ஆசைக்கு வரைந்தவர் தினமும் ஒரு படம் போட்டோ எடுத்துப் பதிவிட ஆரம்பித்தால், சில வாரத்தில் மதிப்பெண் 8-லிருந்து 4-க்கு இறங்கும். இறங்குவது தெரிந்தால் எண்ணிக்கையையும் காட்டுவதையும் நிறுத்திப் பாருங்கள். வெறுமனே பழகிப்போய் ருசி குறைந்திருந்தால் இரண்டு வாரம் வேறொன்றுக்கு மாறுங்கள், திரும்பி வரும்போது புதிதாக இருக்கும்.

இரண்டு வாரமாகப் பெரும்பாலான நாட்களில் எதிலும் நாட்டமில்லை, தூக்கமும் பசியும் மாறிவிட்டன என்றால் தாளை மூடிவிட்டு மருத்துவரைப் பாருங்கள். எழுதிய தாள்களைக் கையோடு கொண்டு போனால் அவருக்கும் உதவும். வாழவே வேண்டாம் என்ற எண்ணம் வந்தால் இரண்டு வாரம் காத்திருக்கக் கூடாது. அன்றைக்கே ஒருவரிடம் சொல்லி, அன்றைக்கே உதவி பெற வேண்டும்.

குறித்த நேரம் ஒரு நாள் தவறினால், மறுநாள் 40 நிமிஷமாகச் சேர்த்து ஈடுகட்டாதீர்கள். அடுத்த 20 அப்படியே இருக்கட்டும். ஒரே நேரம் மூன்று தடவை தவறினால் அந்த நேரம் உங்களுக்குச் சரிப்படவில்லை என்று அர்த்தம். அடித்துவிட்டு வேறொரு கட்டத்தில் எழுதுங்கள்.