இலையுதிர்காலத்துச் சமையலறை: ரொறன்ரோ நாட்குறிப்பு

செப்டெம்பர் 21, 2024, சனிக்கிழமை

சென். லோறன்ஸ் சந்தைக்கு வேளைக்கே போய்விட்டால், அப்பிள் பெட்டிகளுக்குப் பின்னால் நிற்கும் விவசாயியோடு ஆறுதலாக நாலு வார்த்தை பேசலாம்; கூட்டம் கூடிய பிறகு அவருக்கு நிமிர நேரமிருக்காது. 1803 முதல் சந்தை கூடிவரும் அந்த இடத்தில் இன்று மெக்கின்டொஷ் அப்பிள்கள் குவிந்திருந்தன. ஒன்ராறியோவின் கிழக்குப் பகுதியிலுள்ள டண்டெலா என்னும் ஊரில், 1811 இல், ஜோன் மெக்கின்டொஷ் என்பவர் தம் காணியைத் துப்புரவாக்கியபோது தானாக முளைத்து நின்ற அப்பிள் கன்றுகளைக் கண்டு, அவற்றைக் காப்பாற்றி நட்டார். அவற்றில் தப்பிப் பிழைத்த ஒரு மரத்திலிருந்து ஒட்டுக்கட்டிப் பெருக்கியவைதாம் இன்று உலகில் உள்ள மெக்கின்டொஷ் மரங்கள் அனைத்தும்.

இந்தப் பழத்தின் தோல் மெல்லியது, சதை மிருதுவானது, புளிப்பும் வாசமும் தூக்கலானவை. சூடு பட்டதும் கரைந்துவிடுவது இதன் இயல்பு என்பதால் இதைக் கொண்டு பை, அதாவது மாவுக்குள் பழம் பொதிந்த பண்டம், சுடுவதில் பொருளில்லை; கூழ் காய்ச்சுவதற்கோ இதைவிட நல்ல பழம் கிடையாது. தோலோடும் விதைக்கூட்டோடும் நறுக்கி, அடிபிடிக்காத அளவுக்கு மட்டும் தண்ணீர் விட்டு, மூடி, மெல்லிய தீயில் வைத்தால் இருபது நிமிடத்தில் குழைந்துவிடும். வடிதட்டில் போட்டு அகப்பையால் தேய்க்கும்போது தோலின் சிவப்பெல்லாம் கூழில் இறங்கி, இளஞ்சிவப்பு நிறம் வரும். அம்மா காலையில் குடிக்கும் ஓட்ஸ் கஞ்சியில் இதை இளஞ்சூட்டோடு இரண்டு கரண்டி விட்டால் சீனியே தேவைப்படுவதில்லை.

இலையுதிர்காலத்தில் நான் சமையல் குறிப்பைக் கையில் வைத்துக்கொண்டு சந்தைக்குப் போவதில்லை. அந்த வாரம் எந்த வகைப் பழம் பக்குவமாக வந்திருக்கிறது என்று கேட்டறிந்து, அது எதற்கு உகந்ததோ அதையே சமைப்பது என்று வைத்திருக்கிறேன். நாட்குறிப்பாக இதை எழுதத் தொடங்கியதன் காரணமும் அதுதான்.

செப்டெம்பர் 29, 2024, ஞாயிற்றுக்கிழமை

பார்ட்லெட் பேரிக்காய். மரத்திலேயே பழுக்க விட்டால் இதன் நடுப்பகுதி முதலில் கனிந்து மாவாகிவிடும். அதனால் காயாகப் பறித்து வெளியில் வைத்துப் பழுக்க வைக்கிறார்கள். காம்பை ஒட்டிய கழுத்தை மெல்ல அழுத்திப் பார்த்து, அங்கே இளகியிருந்தால் உண்ணலாம்; வயிற்றுப் பகுதி இளகும்வரை காத்திருந்தால் பிந்திவிடும். சுடுவதற்கோ கழுத்து இளகுவதற்கு ஒரு நாள் முந்திய பழமே நல்லது. பாதியாக வெட்டி, நடுவைத் தோண்டி, இஞ்சிச் சாறும் மேப்பிள் பாணியும் சிறிது பட்டரும் விட்டு 190 பாகை செல்சியஸில் அரை மணி நேரம் வைத்தேன். இரவு உணவுக்குப் பிறகு எல்லோருக்கும் ஒவ்வொரு பாதி.

ஒக்டோபர் 5, 2024, சனிக்கிழமை

பட்டர்நட் பூசணி வந்துவிட்டது. மணி போன்ற வடிவமும் மங்கிய சந்தன நிறமும் கொண்ட இந்தக் காயைத் தோல் சீவித் துண்டு போட்டு அவிப்பவர்கள் பலர். அவித்தால் தண்ணீர் ஏறும். சுட்டாலோ தண்ணீர் வற்றும், இனிப்பு திரளும். இரண்டுக்கும் உள்ள தூரத்தை ஒருமுறை சுவைத்தவர்கள் பிறகு அவிக்கமாட்டார்கள் என்பது என் உறுதியான எண்ணம்.

நீளவாக்கில் பிளந்து, விதையை வழித்தெடுத்து, வெட்டுமுகத்தில் எண்ணெய் பூசி, அந்த முகம் தட்டில் படியும்படி குப்புற வைத்து, 200 பாகையில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் அவணில் விட்டேன். தோல் சுருங்கிக் கொப்பளித்து நின்றது. ஓரங்களில் கசிந்த சாறு தட்டில் தேன் நிறப் பாகாக உறைந்திருந்தது. காயைத் தூக்கித் திருப்பியபோது, தட்டோடு ஒட்டியிருந்த விளிம்பு முழுவதும் பழுப்பு வரி ஒன்று ஓடியது. சூப்பின் சுவை அந்த வரியில்தான் இருக்கிறது என்பதால் தட்டில் ஒட்டியதையும் சிறிது வெந்நீர் விட்டுச் சுரண்டிச் சேர்த்துக்கொண்டேன்.

வெங்காயத்தை அவசரப்படாமல் பொன்னிறமாக வதக்கி, இஞ்சியும் உள்ளியும் சேர்த்து, பூசணிச் சதையைப் போட்டு, அது மூழ்கத் தண்ணீர் விட்டுக் கொதித்ததும் அரைத்தேன். இறக்கும்போது ஒரு கோப்பை தேங்காய்ப்பால், மிளகுத்தூள், அரைத் தேசிக்காயின் புளி. அம்மா ஒரு கரண்டி வாயில் வைத்துப் பார்த்துவிட்டு, “பிள்ளை, இது எங்கட பூசணிதானே, ஒரு தாளிதம் போட்டால் என்ன?” என்றார். அவர் சொன்னது சரிதான். பட்டர்நட் குகுர்பிட்டா மொஸ்காட்டா என்னும் இனத்தைச் சேர்ந்தது. தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் விளையும் மஞ்சள் பூசணிகளில் பலவும் அதே இனம்தான், அமெரிக்கக் கண்டத்திலிருந்து கடல் கடந்து நம்மிடம் வந்தது. செத்தல் மிளகாயும் கறிவேப்பிலையும் கடுகும் தாளித்துச் சூப்பின் மேல் விட்டோம். அந்த எண்ணெயின் உறைப்பு இல்லாமல் இனி இந்தச் சூப்பை வைக்கமாட்டேன்.

பறித்த உடனே இந்தக் காயில் மாச்சத்து மிகுதி. சில வாரங்கள் இருக்கும்போது அது சிறிது சிறிதாகச் சீனியாக மாறும். அதனால் காம்பு முறியாத, தோலில் காயமில்லாத காய்களாகத் தெரிந்தெடுத்து, குளிரூட்டியில் வைக்காமல், 10 முதல் 15 பாகை வரை குளிர்ச்சியுள்ள நிலக்கீழறையில், ஒன்றோடொன்று முட்டாமல் அடுக்கியிருக்கிறேன். நவம்பரில் இவை இன்னும் நன்றாக இருக்கும்.

ஒக்டோபர் 13, 2024, ஞாயிற்றுக்கிழமை

நாளை நன்றி நவிலல் நாள். ஒக்டோபரின் இரண்டாவது திங்கட்கிழமை என்று 1957 இல் கனடாவில் நிலையாக அறிவிக்கப்பட்டது. வான்கோழியோடு அப்பிள் பை வைப்பது வழக்கம் என்றாலும், பைக்கு நான் விரும்பும் நோர்தர்ன் ஸ்பை இன்னும் பறிக்கத் தயாராகவில்லை. ஒரு வாரமாவது மரத்தில் நிற்க வேண்டும் என்றார் விவசாயி. நாள்காட்டிக்காகப் பழத்தை முந்திப் பறிக்கச் சொல்ல முடியாது. ஆகவே நாளைக்குக் கோர்ட்லண்ட் அப்பிளில் கிரிஸ்ப், அதாவது பழத்தின் மேல் மாக்கலவை தூவிச் சுடும் இனிப்பு, செய்கிறேன். மெக்கின்டொஷைப் பெற்றோரில் ஒன்றாகக் கொண்டு நியூயோர்க் மாநிலத்தில் உருவாக்கிய வகை கோர்ட்லண்ட். வெட்டி வைத்தாலும் விரைவில் கறுக்காது, வெந்தால் பாதி குழைந்து பாதி துண்டாக நிற்கும், கிரிஸ்புக்கு அதுவே பொருத்தம்.

ஒன்றேகால் கிலோ அப்பிளுக்கு மேலே தூவ 90 கிராம் ஓட்ஸ், 100 கிராம் கோதுமை மா, 150 கிராம் சிவப்புச் சீனி, 115 கிராம் குளிர்ந்த பட்டர், ஒரு சிட்டிகை உப்பு. விரல் நுனியால் பிசறிக் கட்டி கட்டியாக விட வேண்டும். பிசைந்துவிட்டால் மொறுமொறுப்பு வராது. கறுவாவை நான் தூளாக வாங்குவதில்லை. வட அமெரிக்கக் கடைகளில் கறுவா என்று விற்பதில் பெரும்பகுதி காசியா என்னும் வேறொரு மரத்தின் பட்டை; அதன் காரம் அப்பிளின் வாசத்தை மூடிவிடும். இலங்கைக் கறுவா, தாள் போல மெல்லிய பல சுருள்கள் ஒன்றுக்குள் ஒன்றாக இருப்பது, கையாலேயே நொறுங்கும். அதை உரலில் இடித்துப் போட்டால் பழத்தின் வாசத்தோடு இணங்கி நிற்கும்.

கிரான்பெரியும் வாங்கினேன், மஸ்கோகா மாவட்டத்துப் பாலாவில் விளைந்தது. ஒவ்வொரு பழத்துக்குள்ளும் காற்றறைகள் இருப்பதால், வயலில் நீரைத் தேக்கிப் பழங்களை உதிர்த்து, மிதப்பவற்றை ஒதுக்கி அள்ளுகிறார்கள். தாச்சியில் சீனியும் தோடம்பழச் சாறும் சேர்த்துக் கொதிக்கவிட்டதும் தோல் வெடிக்கும் சத்தம் கேட்கும்; பெரும்பாலானவை வெடித்ததும் இறக்கிவிடலாம். பெக்டின் நிறைந்த பழம் என்பதால் ஆறும்போது தானாகவே இறுகிக்கொள்ளும்.

ஒக்டோபர் 26, 2024, சனிக்கிழமை

நோர்தர்ன் ஸ்பை கிடைத்துவிட்டது. நட்டுப் பத்து ஆண்டுகளுக்கு மேலும் காய்க்காமல் நிற்கக்கூடிய மரம் என்பதால் புதிய தோட்டக்காரர்கள் இதை நடத் தயங்குகிறார்கள். பெரிய கடைகளில் இதைக் காண்பது அரிது. ஆண்டுக்கு ஒரு முறையேனும் இதைத் தேடிப் போய் வாங்குபவர்கள் இருந்தால்தான் இந்த மரங்கள் வெட்டுப்படாமல் இருக்கும் என்பதை நான் மனதார நம்புகிறேன்.

முதலில் மாவு. 300 கிராம் கோதுமை மா, அரைத் தேக்கரண்டி உப்பு, 225 கிராம் பட்டர். பட்டரைக் கடலையளவுத் துண்டுகள் கண்ணுக்குத் தெரியும்படி மாவில் பிசறி, ஐஸ் தண்ணீரை 100 மில்லிலீற்றர் அளவுக்குச் சிறிது சிறிதாகத் தெளித்து, பிடித்தால் சேரும் பதத்தில் நிறுத்திவிட வேண்டும். அவணின் சூட்டில் அந்தப் பட்டர் துண்டுகள் உருகும்போது அவற்றிலுள்ள நீர் ஆவியாகி மாவை அடுக்கடுக்காகத் தூக்குகிறது. பட்டர் முன்கூட்டியே இளகி மாவோடு கலந்துவிட்டால் தூக்குவதற்கு ஒன்றும் இருக்காது. ஒரு மணி நேரம் குளிரூட்டியில் வைத்தேன்.

அடுத்தது பழம். பச்சையாக அடுக்கிச் சுட்டால் அப்பிள் வெந்து சுருங்கும், மேல்மாவு விறைத்து உயரத்திலேயே நிற்கும், இடையில் வெறும் குகை விழும். அதனால் ஒன்றரைக் கிலோ அப்பிளைச் சீவி, அரை அங்குலத்துக்கும் குறைந்த தடிப்பில் வெட்டி, 100 கிராம் சீனியோடு அகன்ற தாச்சியில் மூடி, கொதி வராத மெல்லிய தீயில் கால் மணி நேரம் வைத்தேன். 60 முதல் 70 பாகைச் சூட்டில் அப்பிளிலுள்ள நொதியம் ஒன்று பெக்டினை வலுப்படுத்துவதால், பிறகு எவ்வளவு சூட்டில் சுட்டாலும் துண்டுகள் குழையாமல் நிற்கும். வடிந்த சாற்றைத் தனியே சுண்டவைத்து, கறுவாவும் சாதிக்காயும் சேர்த்து, இரண்டு மேசைக்கரண்டி சோள மாவோடு பழத்தில் கலந்து முழுவதும் ஆறவிட்டேன். சூடான பழத்தை மாவில் கொட்டினால் அடி நனைந்து களியாகிவிடும்.

220 பாகையில் இருபது நிமிடம், பிறகு 190 பாகையில் நாற்பது நிமிடம். மேலே கீறிவிட்ட பிளவுகளின் வழியாகச் சாறு கொழகொழவென்று கொதித்து வந்தால்தான் சோள மாவு வெந்தது என்று பொருள்; நிறத்தை மட்டும் பார்த்து எடுத்துவிடக் கூடாது. சுட்ட பையை மூன்று மணி நேரமாவது தொடாமல் விட வேண்டும். மகள் அடுப்படியில் நின்று மணம் பிடித்துக்கொண்டே இருந்தாள், ஆனாலும் பொறுத்திருந்தாள். வெட்டியபோது பழம் மட்டம் மட்டமாக அடுக்கிய நிலையிலேயே நின்றது.

நவம்பர் 2, 2024, சனிக்கிழமை

இந்த ஆண்டு தீபாவளியும் ஹலோவீனும் ஒரே நாளில், வியாழக்கிழமை வந்தன. முகம் செதுக்கும் பெரிய பூசணியைச் சமைக்கலாமா என்று அயலில் உள்ள அக்கா கேட்டார். விளக்கு வைத்து வெளியில் இருந்ததைச் சமைக்கக் கூடாது. செதுக்காதது என்றாலும் அது குகுர்பிட்டா பெப்போ இனத்தில் அளவுக்காக வளர்த்த வகை. நாரும் நீருமாக இருக்கும், இனிப்பு குறைவு. ரின்னில் வரும் லிபிஸ் பூசணிக் கூழுக்குக்கூட டிக்கின்சன் என்னும் மொஸ்காட்டா வகையைத்தான் பயன்படுத்துகிறார்கள். விதையை மட்டும் எடுத்து, கழுவி உலர்த்தி, மிளகாய்த்தூளும் உப்பும் போட்டு வறுங்கள் என்று சொன்னேன்.

நிலக்கீழறையில் இருந்த பட்டர்நட்டில் ஒன்றைச் சுட்டு, கூழைத் துணியில் வடியவிட்டு, ஒரு கேக் செய்தேன்: 240 கிராம் கூழ், 220 கிராம் மா, 200 கிராம் சிவப்புச் சீனி, இரண்டு முட்டை, அரைக் கோப்பை எண்ணெய், ஒரு தேக்கரண்டி சமையல் சோடா, கறுவா, இஞ்சித்தூள், 175 பாகையில் ஒரு மணி நேரம். சுட்ட அன்றைவிட மறுநாள் இது ஈரப்பதமாகவும் வாசமாகவும் இருக்கும்.

நவம்பர் 10, 2024, ஞாயிற்றுக்கிழமை

வடக்கே தங்கள் வயலில் உறைபனி விழுந்துவிட்டது என்றார் விவசாயி. பாஸ்னிப்புக்காக நான் காத்திருந்த செய்தி அது. குளிர் தொட்டதும் இந்தக் கிழங்கு தன் மாச்சத்தைச் சீனியாக மாற்றிக்கொள்கிறது. ரொறன்ரோவுக்கு வடக்கே, சதுப்பு நிலத்தை வடித்து உருவாக்கிய ஹொலண்ட் மார்ஷின் கருமண்ணில் விளைந்த கரட்டும் வெங்காயமும் கூட வாங்கினேன். கிழங்குகளைப் பெரிய துண்டுகளாக வெட்டி அவணில் ஓரம் சிவக்கச் சுட்டு, மைசூர்ப் பருப்போடு சேர்த்து, சீரகமும் உள்ளியும் தட்டிப் போட்டு, பாணோடு சாப்பிடும் பதத்தில் தடிப்பாக வைத்தேன். இந்தப் பருப்பு சஸ்காச்சுவானில் விளைந்தது. அங்கிருந்து கப்பலேறி இலங்கைக்கும் போகிறது. பாஸ்னிப்பின் இனிப்பை மிளகால் மட்டும் சமன் செய்ய முடியவில்லை, கடைசியில் தேசிக்காய்ப் புளி விட்டதும் எல்லாம் நேராகியது.

எல்லாக் கிழங்கையும் இப்போதே கிண்டுவதில்லையாம். சில வரிசைகளை வைக்கோல் மூடி மண்ணிலேயே விட்டு, பனி உருகியதும் மார்ச்சில் எடுப்பார்கள். அப்போதுதான் இனிப்பு உச்சத்தில் இருக்கும் என்றார். அந்த வரிசையிலிருந்து எனக்கு ஐந்து கிலோ வைக்கும்படி சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.