ஓஎஸ்எம்எஃப் தீசிஸ்: அப்ரூவல் லெட்டர், சிடிஆர்ஐ நம்பர், அப்புறம் அந்த ஊதா மூடி டியூப்

எத்திக்ஸ் கமிட்டி லெட்டர் கைக்கு வந்ததும் ஆபீஸ் வாசலிலேயே நின்று தலைப்பை ஓர் எழுத்து விடாமல் படியுங்கள். தீசிஸ் தொடங்கப் போகிற எம்டிஎஸ் ஜூனியர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். எனக்கு வீணான காலத்தில் பெரும்பகுதி அந்த ஒரு வரியால் போனது.

என் தலைப்பு ஓஎஸ்எம்எஃப், அதாவது பாக்குப் பழக்கத்தால் வாய்க்குள் நார்த்திசு படிந்து வாய் திறக்க முடியாமல் இறுகிப்போகிற நோய். ஒரு குழுவுக்கு வழக்கமான ஹயலுரானிடேஸ், டெக்ஸாமெத்தசோன் ஊசி. இன்னொரு குழுவுக்கு ஐ-பிஆர்எஃப், அதாவது அவரவர் ரத்தத்தைச் சுழற்றிப் பிரித்தெடுத்து ஊசியாகப் போடுகிற, பிளேட்லெட் செறிந்த ஃபைப்ரின் திரவம். இறுகிப்போன கன்னத் திசு எதில் நன்றாக இளகுகிறது, வாய் எத்தனை மில்லிமீட்டர் கூடுதலாகத் திறக்கிறது என்று பார்க்க வேண்டும். சினாப்சிஸ், கைடு கையெழுத்து, டிபார்ட்மென்ட் பிரசன்டேஷன் எல்லாம் சிக்கலில்லாமல் முடிந்தன.

கமிட்டியின் முதல் கூட்டம் கோரம் இல்லாமல் தள்ளிப்போனது. ஐசிஎம்ஆரின் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2017 வழிகாட்டுதல்படி கமிட்டியில் 7 முதல் 15 பேர் இருக்க வேண்டும். பாதிப் பேராவது வெளியாட்கள், தலைவரும் வெளியாள்தான். கூட்டம் நடக்கக் குறைந்தது 5 பேர் வேண்டும். நல்ல விதி, தேவையான விதி. ஆனால் வெளி உறுப்பினர்களுக்கு முந்தின நாள் ஒரு போன் போட்டு, வருகிறார்களா என்று உறுதி செய்துகொள்ள ஆபீசில் யாரும் இல்லை. வரிசையில் காத்திருந்த பிஜிக்கள் எல்லாரும் மதியம்வரை உட்கார்ந்துவிட்டு எழுந்து போனோம். உங்கள் முறை வரும்போது அந்த போனைப் போட்டாகிவிட்டதா என்று நீங்களே கேட்டுவிடுங்கள். கேட்பதில் தப்பில்லை.

அடுத்த கூட்டத்தில் மூத்த பேராசிரியர் ஒருவர், "வாய் இறுக்கத்துக்குப் போய் ரத்தம் எடுக்கணுமாம்மா?" என்றார். எர்ணாகுளத்தில் 66 ஓஎஸ்எம்எஃப் நோயாளிகளை 17 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்ததில் 7.6 சதவீதம் பேருக்குப் புற்றுநோய் வந்தது என்ற 1985ஆம் ஆண்டு ஆய்வைச் சொன்னேன். பாக்கை நிறுத்திய பிறகும் படிந்த நார்த்திசு தானாகக் கரைந்துவிடுவதில்லை என்பதையும் சொன்னேன். அதற்குமேல் அவர் கேட்கவில்லை.

என்னை உண்மையிலேயே யோசிக்க வைத்தது பொதுமக்கள் தரப்பு உறுப்பினராக வந்திருந்த ஓய்வுபெற்ற ஆசிரியை. "ஊசி போட்ட கன்னம் வீங்கி ஒருத்தர் வேலைக்குப் போக முடியலன்னா, அன்னைக்குக் கூலியை யார் கொடுப்பாங்க?" என்று கேட்டார். வீக்கத்துக்குச் சிகிச்சை இலவசம் என்று தகவல் தாளில் இருந்தது. கூலி இழப்பைப் பற்றிக் கல்லூரி கொடுத்த மாதிரிப் படிவத்தில் ஒரு வரியும் கிடையாது. ஆனால் பயணச் செலவையும் கூலி இழப்பையும் ஈடுகட்ட ஐசிஎம்ஆர் வழிகாட்டுதலே இடம் தருகிறது. கைடிடம் பேசி, பஸ் செலவோடு அதையும் சேர்த்தோம். எங்கள் ஓபிக்கு வருகிறவர்களில் பெரும்பாலானவர்கள் கட்டட வேலை, லோடு வேலை, ஆட்டோ என்று தினக்கூலியில் இருப்பவர்கள். தூக்கம் வராமலிருக்க மாவா என்கிற பாக்கு, புகையிலைக் கலவையைப் போட ஆரம்பித்தவர்கள் நிறையப் பேர். அவர்களுக்காக அந்தக் கூட்டத்தில் பேசியவர் அந்த அம்மா ஒருவர்தான்.

அப்ரூவல் கிடைத்தது. லெட்டரும் வந்தது. ஆனால் அதில் என் தலைப்பில் பாதிதான் இருந்தது. படிவத்தில் தலைப்புக்கு ஒரே ஒரு வரி இடம். அதற்குள் அடங்கவில்லை என்று டைப் செய்தவர் பின்பாதியை வெட்டிவிட்டார். புரோட்டோகாலின் (ஆய்வுத் திட்டத்தின்) வெர்ஷன் எண்ணும் விடுபட்டிருந்தது. மருத்துவ ஆய்வுகளுக்கான இந்தியப் பதிவேடான சிடிஆர்ஐயில் பதிவு செய்தபோது அங்கிருந்து கேள்வி வந்தது: லெட்டரில் இருக்கும் தலைப்பும் நீங்கள் கொடுத்த அறிவியல் தலைப்பும் ஒன்றாக இல்லை. கேட்டது நியாயம்தான். ஆபீசில் கேட்டால், "கொடுத்த லெட்டரை மாத்த முடியாது டாக்டர், அடுத்த மீட்டிங்ல வைங்க" என்றார்கள். அடுத்த மீட்டிங் எப்போது என்று அவர்களுக்கே தெரியாது.

கடைசியில் மெம்பர் செக்ரட்டரிக்கே நேரடியாக எழுதினேன். கமிட்டி அனுமதித்த புரோட்டோகாலின் முதல் பக்கம், லெட்டரின் நகல், இரண்டிலும் தலைப்பை அடிக்கோடிட்டு இணைத்தேன். இது புதிய அனுமதி இல்லை, தட்டச்சுத் திருத்தம் என்று முதல் வரியிலேயே போட்டேன். அவர் பார்த்த உடனே திருத்தக் கடிதம் கொடுத்துவிட்டார். ஆபீசில் முடியவே முடியாது என்றது ஒரு கையெழுத்தில் முடிந்தது!

அதற்குள் படிவத்தில் முதல் நோயாளியைச் சேர்ப்பதாகக் கொடுத்திருந்த தேதி கடந்துவிட்டது. சிடிஆர்ஐயில் அந்தத் தேதி பதிவுத் தேதிக்குப் பிந்தியதாகத்தான் இருக்க வேண்டும். அதையும் மாற்றி மறுபடி அனுப்பினேன். தேதியைத் தாராளமாகத் தள்ளிப் போடுங்கள். முதன்மை முடிவை எந்த வாரத்தில் அளக்கிறீர்கள், ஊசி எத்தனை மில்லிலிட்டர், எத்தனை நாளுக்கு ஒருமுறை, யார் எந்தக் குழு என்று குலுக்கல் முறையில் பிரிக்கும் ரேண்டமைசேஷன் சீட்டை யார் வைத்திருப்பார்கள், இவை எல்லாவற்றையும் முதலிலேயே தெளிவாக எழுதிவிட்டால் கேள்விகள் குறையும். கமிட்டி முடிவு வரும்வரை காத்திருக்காமல் படிவத்தை நிரப்பிச் சேமித்து வைக்கலாம். பதிவுக்குக் கட்டணம் கிடையாது. காசு கேட்டு யாராவது உதவ வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

"முதல்ல கேஸ் எடு, அப்புறம் ரிஜிஸ்டர் பண்ணிக்கலாம்" என்று சீனியர்கள் சொல்வார்கள். கேட்காதீர்கள். 2018 ஏப்ரல் 1 முதல், முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன்னால் வரும் ஆய்வுகளைத்தான் சிடிஆர்ஐ பதிவு செய்கிறது. பின்தேதி போட வழியில்லை.

இந்தக் காத்திருப்பில் எனக்கு ஆறாத விஷயம் ஒன்று உண்டு. கொத்தனார் வேலை செய்கிற ஒருவர் 18 மில்லிமீட்டர் வாய்த் திறப்போடு வந்தார். சோற்றை உருட்டி வாய்க்குள் தள்ள முடியவில்லை. ஆய்வைப் பற்றிச் சொன்னதும் உடனே சம்மதித்தார். ஆனால் நம்பர் வரவில்லை. ஒரு நம்பருக்காக அவரை அப்படியே வைத்திருக்க எனக்கு உரிமையில்லை. கைடும் அதையேதான் சொன்னார். வழக்கமான ஊசியையும் வாய்ப் பயிற்சியையும் அன்றே தொடங்கினோம். சிகிச்சை தொடங்கியதால் அவரை ஆய்வில் சேர்க்க முடியாது. அவர் தேறிவருகிறார், அது போதும். ஆனால் ஒரு லெட்டரை ஒழுங்காக டைப் செய்திருந்தால் அவரும் உள்ளே இருந்திருப்பார்.

இனி டியூப் கதை. ஸ்டோருக்குக் கொடுக்கும் பொருள் கோரிக்கைச் சீட்டான இண்டென்டில் "எந்தப் பூச்சும் இல்லாத பிளாஸ்டிக் டியூப், 10 மில்லி" என்று எழுதிக் கொடுத்தேன். ஸ்டோரில் வந்து இறங்கியது ஊதா மூடி டியூப், பெட்டி பெட்டியாக! அதற்குள் இருப்பது இடிடிஏ, ரத்தத்தை உறையவே விடாது. பிஆர்எஃப் முறையின் அடிப்படையே உறைவுத் தடுப்பான் சேர்க்காமல் இருப்பதுதான். திருப்பி அனுப்பினால் சிவப்பு மூடி பிளாஸ்டிக் டியூப் வந்தது. அதன் உள்சுவரில் சிலிக்கா பூசியிருக்கும். ரத்தம் சீக்கிரம் உறைந்துவிடும், துகளும் ஊசியோடு கன்னத்துக்குள் போகலாம். மூடியின் நிறம், உள்ளே என்ன இருக்கக் கூடாது என்பது, இரண்டையும் இண்டென்டில் எழுதுங்கள். முடிந்தால் ஒரு மாதிரி டியூபை ஸ்டோர் மேசையில் வைத்துவிட்டு வாருங்கள். நான் அப்படிச் செய்த பிறகுதான் சரியானது வந்தது.

ரத்தத்தைச் சுழற்றிப் பிரிக்கும் சென்ட்ரிஃபியூஜிலும் ஒரு எச்சரிக்கை. கட்டுரைகளில் 700 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 700 சுற்று), 3 நிமிடம் என்று இருக்கும். அது ரோட்டரின் ஆரம் 11 சென்டிமீட்டராக இருந்தால் சுமார் 60 ஜி, அதாவது புவியீர்ப்பைப் போல 60 மடங்கு விசை. எங்கள் லேப் மெஷினின் ஆரம் 16 சென்டிமீட்டர். அதே 700இல் ஓட்டினால் கிட்டத்தட்ட 88 ஜி ஆகி, நமக்கு வேண்டிய செல்கள் கீழே இறங்கிவிடும். 580 ஆர்பிஎம் வைத்தால்தான் 60 ஜி. சென்டிமீட்டரில் அளந்த ஆரத்தை ஆர்பிஎம்மின் வர்க்கத்தால் பெருக்கி, அதை 0.00001118ஆல் பெருக்கினால் ஜி வரும், அவ்வளவுதான் கணக்கு. ஆர்பிஎம்மோடு ஜி அளவையும் புரோட்டோகாலில் போட்டுவிடுங்கள்.

நம்பர் வந்த பிறகு முதல் நோயாளிக்குப் போன வாரம் ஊசி போட்டோம். ரத்தம் எடுத்த கையோடு சுழற்றி, மேலே நின்ற மஞ்சள் திரவத்தை உறையும் முன்பே இரண்டு கன்னத்திலும் போட முடிந்தது. மறுநாள் போனில் விசாரித்தேன். வீக்கமில்லை, வேலைக்குப் போயிருந்தார். உங்கள் மெஷினில் எத்தனை ஆர்பிஎம் வைப்பது என்று சந்தேகம் இருந்தால் ரோட்டரின் ஆரத்தை மட்டும் அளந்து சொல்லுங்கள், கணக்குப் போட்டுத் தருகிறேன்.