குளியலறைக்கு ஒரு ஹீட்டரா, வீட்டுக்கே ஒன்றா?

திருகோணமலைக்குப் பக்கத்துக் கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறுகளை வைத்துக்கொண்டு நாம் வெந்நீருக்குக் கரண்ட் பில் கட்டுகிறோம். சரி, கட்டுவதைக் குறைத்துக் கட்டுவது எப்படி என்று பார்ப்போம்.

திருகோணமலையில் வெந்நீர் எப்போது தேவை? கச்சான் என்கிற வெப்பக் காற்று அடிக்கிற மாதங்களில் மேல்தாங்கித் தண்ணீர் மத்தியானத்தில் சூடாகத்தான் இறங்கும். வெந்நீரைத் தேடுவது கார்த்திகை தொடங்கித் தை வரை, வாடையும் மழையுமான விடியற்காலையில். சோலார் ஹீட்டர் சோர்ந்துபோகிற காலமும் அதேதான். வெயில் வராத நாளில், வீட்டுக்கே ஒன்றாக வைக்கிற 300 லீற்றர் சோலார் தாங்கியை அதன் மின் கொயிலால் 27 பாகையிலிருந்து 55 பாகைக்கு ஏற்ற ஏறக்குறைய 10 யூனிட் போகும். நாலு பேர் ஆளுக்கு 25 லீற்றர் வீதம் 40 பாகையில் குளிக்க உண்மையில் வேண்டியது 1.5 யூனிட் மட்டுமே.

மிச்சம் எங்கே போகிறது? பெரும்பகுதி பாவிக்காத வெந்நீராகத் தாங்கியிலேயே நிற்கும்; அதில் கொஞ்சம் தாங்கியின் சுவர் வழியாகவும், கொஞ்சம் பைப்பிலும் வீணாகும். வெந்நீருக்குப் போடும் 25 மில்லிமீற்றர் பிபிஆர் பிளாஸ்டிக் பைப்பில் மீற்றருக்கு 0.2 லீற்றருக்கு மேல் தண்ணீர் நிற்கும். தாங்கியிலிருந்து குளியலறை 15 மீற்றர் என்றால், வெந்நீர் வருமுன் 3 லீற்றருக்கு மேல் பச்சைத்தண்ணீர் ஓட வேண்டும். பைப்பை மூடியதும் அதே அளவு வெந்நீர் சுவருக்குள் நின்று ஆறும். வீட்டார் வேறுவேறு நேரத்தில் குளித்தால் ஒவ்வொரு தடவையும் இந்தத் தண்டம். ஆகவே குளியலறை எத்தனை என்பதை விட, அவை எவ்வளவு தூரத்தில் இருக்கின்றன என்பதே கணக்கு.

தனி ஹீட்டரில் இரண்டு வகை. உடனடியாகச் சூடாக்கும் 3.5 கிலோவாற் ஷவர் ஹீட்டர், நம் ஊர்த் தண்ணீருக்கு நிமிடத்துக்கு 4 லீற்றர் வரை 40 பாகையில் தரும். குளிக்க அது போதும். குளிர்நாட்டுக் கணக்கில் 5.5 கிலோவாற் வாங்கினால் அது மட்டுமே 24 அம்பியர் இழுக்கும்; 30 அம்பியர் இணைப்புள்ள வீட்டில் அதே நேரம் குசினியில் கேத்தல் போட்டால் மெயின் சுவிட்ச் விழக்கூடும். 3.5 கிலோவாற்றுக்கும் பிளக் வேண்டாம். போர்டிலிருந்து தனி வயர், தனி 20 அம்பியர் பிரேக்கர், இரண்டு வயரையும் ஒன்றாகத் துண்டிக்கும் இரட்டை முனைச் சுவிட்ச். வயர் 2.5 சதுர மில்லிமீற்றர். வயர் போகிற தூரம் கூடினால் 4. ஏர்த் கம்பியின் தடையை ஆவணி வெயிலில் ஒருமுறை அளந்து பாருங்கள்: உப்புவெளி, நிலாவெளிப் பக்கத்து மணல் காய்ந்தால் ஏர்த் தடை கூடும். கரண்ட் கசிந்தால் துண்டிக்கும் 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச் இல்லாமல் எந்த ஹீட்டரும் பூட்டக்கூடாது.

இந்த உடனடி ஹீட்டர் “கரண்ட் வருது, சூடு வரேல்லை” என்றால் பெரும்பாலும் பழுது அதில் இல்லை. மேல்தாங்கி ஷவருக்கு 3 அடி உயரத்தில் இருந்தால் அழுத்தம் 0.1 பார் கூட வராது. உள்ளே இருக்கும் நீரோட்டச் சுவிட்ச் வேலை செய்யாது. ஒன்றில் தாங்கியை உயர்த்த வேண்டும், இல்லாவிட்டால் பம்ப் உள்ள மாதிரி வாங்க வேண்டும்.

மற்றது தண்ணீரைச் சூடாக்கித் தேக்கி வைக்கும் சிறு கீசர். 15 லீற்றரை 60 பாகையில் வைத்தால் பச்சைத்தண்ணீர் கலந்து 40 பாகையில் 38 லீற்றர் வரும், 2 கிலோவாற் என்றபடியால் இழுப்பது 9 அம்பியருக்குள். ஆனால் கடற்கரைக் கிணற்றுத் தண்ணீர் இதற்கு எமன். சுண்ணாம்பு கொயிலில் படிந்தால் கீசர் பொரிவது போலச் சத்தமிடும். உவர் உள்ளே இருக்கும் மக்னீசியக் கம்பியை வேகமாகத் தின்னும். கம்பி தீர்ந்த பிறகு தாங்கியே துருப்பிடிக்கும். வருடத்துக்கு ஒருமுறை கரண்டை நிறுத்தி, வடித்து, கம்பியைக் கழற்றிப் பாருங்கள். பாதிக்கு மேல் கரைந்திருந்தால் மாற்றுங்கள். கந்தளாய்க் குளத்துக் குழாய்த் தண்ணீர் வருகிற வீடாக இருந்தால், கீசருக்குக் கிணற்றைத் தொடுக்காமல் அதையே கொடுங்கள்.

சூடாகும்போது கீசரின் பாதுகாப்பு வால்வு சொட்டுவதைப் பார்த்து அதை அடைத்துவிடுகிறவர்கள் உண்டு. செய்யவே கூடாது. 50 லீற்றர் தண்ணீர் 60 பாகைக்கு ஏறும்போது அரை லீற்றருக்கு மேல் விரியும். அது வெளியேற இருக்கிற வழி அதுதான். அதற்கு ஒரு சிறு பைப் போட்டு வடிகாலுக்கு விடுங்கள்.

மத்திய ஹீட்டர் சரிவருவது குளியலறைகள் ஒன்றின் மேல் ஒன்றாக, ஒரே பைப் பாதையில் இருக்கும் மாடி வீட்டிலும், காலையில் எல்லா அறையிலும் ஒருமித்துக் குளிக்கிற விருந்தினர் விடுதியிலும். அங்கேயும் தாங்கியை 60 பாகையில் வையுங்கள். மிச்சம் பிடிக்க 45இல் விட்டால், நாட்கணக்கில் நிற்கும் தண்ணீரில் நுரையீரலைத் தாக்கும் லெஜியோனெல்லா கிருமி வளர இடமுண்டு.

இன்னும் பூசாத சுவர் என்றால், எந்த ஹீட்டரைத் தெரிவுசெய்தாலும் வெந்நீர்ப் பாதைக்குச் சாதாரண பிவிசி போடவிடாதீர்கள், சூட்டில் இளகும். சூடு தாங்கும் சிபிவிசி அல்லது பிபிஆர் கேளுங்கள். கூடவே ஒவ்வொரு குளியலறைக்கும் போர்டிலிருந்து 4 சதுர மில்லிமீற்றர் வயர் போகிற அளவுக்கு ஒரு வெறும் கொண்டிட்டும் (வயர் போகும் குழாய்).