யுரேனியம் விற்றவர்கள் தொடங்கிய சங்கம்

அணுமின்சாரம் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் வியன்னாவில் இருக்கும் சர்வதேச அணுசக்தி முகமையின் பெயர் அடிபடுகிறது. அது அரசுகள் சேர்ந்து நடத்தும் அமைப்பு. ஆனால் யுரேனியச் சுரங்கக்காரர்கள், எரிபொருள் செறிவூட்டுவோர், உலை கட்டுவோர், மின் உற்பத்தி நிறுவனங்கள் ஆகியோர் தங்கள் தொழிலுக்காக வைத்திருக்கும் சர்வதேசச் சங்கங்களைப் பற்றி நம்மிடையே பேச்சே இல்லை. இத்தனைக்கும் எந்த நாட்டில் எத்தனை உலைகள் இயங்குகின்றன, எத்தனை கட்டப்படுகின்றன என்று தேடும் எவரும் சென்று சேரும் இடங்களில் ஒன்று, லண்டனில் இயங்கும் உலக அணுசக்திச் சங்கத்தின் இணையதளம். இத்தொழிலை ஆதரித்துப் பேசுவதற்கென்றே உள்ள அமைப்பு அது என்பதை மறந்து, நடுநிலையான ஒரு புள்ளிவிவரத் துறையின் ஏடுபோல அதை மேற்கோள் காட்டுவது வழக்கமாகிவிட்டது.

அதன் பிறப்பைப் பார்த்தால் இந்த இரட்டை இயல்பு விளங்கும். 1960களில் அமெரிக்கா தன் உலைகளில் வெளிநாட்டு யுரேனியத்தைப் பயன்படுத்தத் தடை விதித்ததால், மற்ற நாடுகளின் சுரங்கங்கள் வாங்க ஆளின்றித் தவித்தன. 1972-இல் கனடா, பிரான்ஸ், தென்னாப்பிரிக்கா, ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளின் உற்பத்தியாளர்களும் ரியோ டின்டோ சிங்க் நிறுவனமும் கூடி, விலையையும் சந்தைப் பங்கையும் தமக்குள் பேசிவைத்துக்கொண்டனர். அப்போது ஒரு பவுண்டு எடைக்கு ஆறு டாலர் அளவில் கிடந்த யுரேனியம் 1976-இல் நாற்பது டாலரைத் தொட்டது. இடையில், 1975 செப்டம்பரில், உலைகளோடு எரிபொருளையும் மலிவு விலையில் தருவதாக ஒப்பந்தம் செய்திருந்த வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனம் கைவிரித்தது. மறு ஆண்டில் ஆஸ்திரேலியாவின் மேரி கேத்லீன் சுரங்க நிறுவனத்தின் ஆவணங்கள் வெளியே கசிந்து இரகசியக் கூட்டு அம்பலமானபோது, வழக்குகள் வரிசைகட்டின. விலை ஏறியதற்கு எண்ணெய் நெருக்கடி உள்ளிட்ட வேறு காரணங்களும் இருந்தன என்பதையும் சொல்லவேண்டும்.

அதே 1975-இல்தான் யுரேனியம் உற்பத்தியாளர்கள் லண்டனில் யுரேனியம் இன்ஸ்டிட்யூட் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். பின்னர் வாங்குபவர்களான மின் நிறுவனங்களும் அதில் சேர்ந்தன. விற்பவர் மட்டும் கூடும் அறையில் விலைதான் பேச்சாக இருக்கும்; வாங்குபவரும் வந்து உட்கார்ந்த பிறகு, எவ்வளவு தேவைப்படும், எவ்வளவு கிடைக்கும் என்பதைத்தான் பேசமுடியும். அந்தக் கணக்கே அமைப்பின் முதன்மை வேலையாக ஆயிற்று. 2001-இல் அது உலக அணுசக்திச் சங்கம் என்று பெயர் மாற்றிக்கொண்டு, எரிபொருளைத் தாண்டி முழுத்தொழிலுக்கும் குரல் கொடுக்கத் தொடங்கியது.

இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் அதன் அணு எரிபொருள் அறிக்கை இத்துறையில் எல்லோரும் புரட்டும் ஏடு. தாழ்ந்த, நடுத்தர, உயர்ந்த என்று மூன்று அனுமானங்களில் வருங்காலத் தேவையை அது கணிக்கிறது. 2023-ஆம் ஆண்டு அறிக்கையின்படி, அவ்வாண்டு ஏறத்தாழ 65,650 டன்னாக இருந்த உலைகளின் யுரேனியத் தேவை, நடுத்தர அனுமானத்தில் 2040-க்குள் கிட்டத்தட்ட 1,30,000 டன்னாக உயரும். இந்த எண்ணைப் படிக்கும்போது சந்தையின் பழைய வரலாற்றையும் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது. 2007-இல் பவுண்டு 130 டாலரைத் தாண்டிய விலை, ஃபுகுஷிமா விபத்துக்குப் பிறகு படிப்படியாகச் சரிந்து, 2016 இறுதியில் 20 டாலருக்கும் கீழே போனது. 2024 தொடக்கத்தில் மீண்டும் 100-ஐத் தாண்டியது. இன்றைய உலைகளின் பட்டியலை நான் அப்படியே நம்புகிறேன். உலையை ஒளித்துவைக்க முடியாது. 2040 வரை நீளும் வரைபடத்தை, அதை வரைந்தவர்கள் யார் என்ற நினைவோடுதான் பார்க்கிறேன்.

சங்கத்தின் உரத்த குரல் கேட்பது பருவநிலை மாநாடுகளில். 2023 டிசம்பரில் துபாயில் இருபதுக்கும் மேற்பட்ட நாடுகள், 2050-க்குள் உலக அணுமின் திறனை மூன்று மடங்காக்குவோம் என்று அறிவித்தபோது, கூடவே அணுத்தொழில் நிறுவனங்களின் உறுதிமொழியும் வெளியானது. ஒப்பமிடுவது எளிது; உலை கட்டுவது எளிதல்ல.

எனக்கு அதிகம் பயனுள்ளதாகத் தோன்றுவது, யாரும் செய்தியாக்காத வேறு வேலைகள். ஒரே வடிவமைப்பிலான உலையை வெவ்வேறு நாட்டு ஒழுங்குமுறை ஆணையங்கள் தனித்தனியே ஆராய்ந்து தனித்தனி மாற்றங்களைக் கேட்பதைக் குறைப்பதற்காக, 2007 முதல் இச்சங்கத்தில் ஒரு பணிக்குழு இயங்கிவருகிறது. ஒரு விமானம் ஒரு நாட்டில் பெறும் வடிவமைப்புச் சான்றிதழை மற்ற நாடுகள் பெரும்பாலும் ஏற்றுக்கொள்வதைப் போன்ற ஏற்பாடு அணு உலைக்கு இல்லை. இங்கிலாந்தின் ஹிங்க்லி பாயின்ட் சி உலைகளுக்கு, பிரெஞ்சு வடிவமைப்பில் ஏழாயிரம் மாற்றங்கள் செய்யவேண்டி வந்ததாகவும் 35 சதவீதம் கூடுதலாக எஃகு தேவைப்பட்டதாகவும் அதைக் கட்டும் இ.டி.எஃப். நிறுவனம் சொல்கிறது. நிறுவனம் தன் தாமதத்துக்குச் சொல்லும் காரணத்தை முழுதும் ஏற்கவேண்டியதில்லை என்றாலும், தரவரையறைகளை ஒப்பிட்டுப் பார்க்கும் வேலையை யாராவது செய்துதான் ஆகவேண்டும். தன் நாட்டு மக்களுக்குப் பதில் சொல்லவேண்டிய ஆணையம் வெளிநாட்டு முடிவைக் கண்ணை மூடிக்கொண்டு ஏற்காது என்பதும் நியாயமே. அதனால்தான் இத்தனை ஆண்டுகளாகியும் இந்த வேலை மெதுவாக நகர்கிறது.

இன்னொன்று சரக்குப் போக்குவரத்து. அணுப்பொருள் ஏற்றிச் செல்லும் நிறுவனங்களுக்காக 1998-இல் உலக அணுப் போக்குவரத்து நிறுவனம் என்ற தனிச் சங்கம் தோன்றியது. அதிகக் கதிரியக்கமுள்ள பொருளுக்கான கொள்கலனை ஒன்பது மீட்டர் உயரத்திலிருந்து கடினமான தளத்தில் போட்டும், 800 டிகிரி வெப்பத்தில் அரைமணி நேரம் வைத்தும் சோதிக்கிறார்கள். விதிகள் இவ்வளவு கடுமையாக இருந்தும், ஆவணங்கள் எல்லாம் சரியாக இருக்கும் சரக்கைக் கப்பல் நிறுவனமோ துறைமுகமோ 'வேண்டாம்' என்று சொல்லிவிட முடியும். கதிரியக்கச் சரக்கு மொத்த வணிகத்தில் சொற்பம் என்பதால், அதற்காக ஊழியர்களைப் பயிற்றுவித்துத் தொல்லைப்படுவதைவிட மறுத்துவிடுவது அவர்களுக்கு இலாபம். இதில் மாட்டிக்கொள்வது யுரேனியம் மட்டுமல்ல. அறுவைசிகிச்சைக் கருவிகளையும் ஊசிகளையும் கிருமி நீக்கப் பயன்படும் கோபால்ட்-60 இதே வகைச் சரக்குதான். துறைமுகத்தில் காத்துக்கிடக்கும் ஒவ்வொரு மாதமும் அதன் வீரியத்தில் சுமார் ஒரு சதவீதம் போய்விடும். கப்பல் நிறுவனங்களிடமும் துறைமுகங்களிடமும் பேசி இந்தத் தடையை விலக்குவதற்கு, தனியொரு நிறுவனத்தைவிடச் சங்கம் பொருத்தமானது.

பாதுகாப்பு மட்டும் வேறொரு வீட்டில் இருக்கிறது. செர்னோபில் விபத்துக்குப் பின், 1989 மே மாதம் மாஸ்கோவில் உலக அணுமின் நிலைய இயக்குநர்கள் சங்கம் தொடங்கப்பட்டது. பனிப்போர் முழுதும் ஓயாத அந்த நாளில், இரு தரப்பு நிலையங்களின் நிர்வாகிகளும் ஒரே அமைப்பில் சேர்ந்தது சாதாரண விஷயமல்ல. ஒரு நிலையத்துக்கு வேறு நிலையங்களின் பொறியாளர்கள் வந்து, கட்டுப்பாட்டு அறையிலும் பராமரிப்புப் பணியிலும் வேலை எப்படி நடக்கிறது என்று நேரில் பார்த்துக் குறைகளைச் சொல்வதே அதன் முறை. ஃபுகுஷிமாவுக்குப் பிறகு நான்காண்டுக்கு ஒருமுறை இந்த ஆய்வு என்று இறுக்கினார்கள். பரப்புரை செய்யும் சங்கத்திலிருந்து இது பிரிந்து நிற்பது சரியான ஏற்பாடு. தொழிலைப் புகழ்வதும் குறை காண்பதும் ஒரே கையில் இருந்தால் இரண்டாவது தேய்ந்துவிடும்.

ஆனால் அந்த ஆய்வறிக்கைகள் பொதுமக்களுக்குக் கிடைப்பதில்லை. ஆய்வு நடந்தது என்ற செய்தி வரும். என்ன கண்டார்கள் என்பது வராது. இரகசியம் இல்லையென்றால் ஊழியர்கள் மனம்திறந்து பேசமாட்டார்கள் என்பது சங்கத்தின் வாதம். ஊழியரின் பெயருக்கும் வாக்குமூலத்துக்கும் அது பொருந்தும் என்றே நானும் கருதுகிறேன். இந்திய அணுமின் கழகமும் இச்சங்கத்தின் உறுப்பினர்தான். 2011-12-இல் கூடங்குளத்தில் போராட்டம் நடந்தபோது, உலையின் பாதுகாப்பு ஆய்வறிக்கையைத் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டுப் போராடவேண்டியிருந்தது. அதை வெளியிடுமாறு மத்தியத் தகவல் ஆணையம் உத்தரவிட்டது. கழகத்தின் சொந்த ஆவணத்துக்கு அந்தச் சட்டமாவது இருந்தது. இயக்குநர்கள் சங்கத்தின் தலைமையகமும் லண்டனில்தான்; அதன் மீது நம் சட்டம் செல்லாது. கண்டறிந்த குறைகள் எந்த வகையைச் சேர்ந்தவை, அடுத்த ஆய்வுக்குள் அவற்றில் எத்தனை சரிசெய்யப்பட்டன என்ற சுருக்கத்தையாவது, நிலையம்வாரியாக அந்தந்த நாட்டு ஒழுங்குமுறை ஆணையம் கேட்டு வாங்கி வெளியிடலாம். அதில் எந்த ஊழியரின் வாயும் அடைபடாது.